72 வயது, மலச்சிக்கல்: இசப்கோல் (தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் நார்ச்சத்து உமி) சரியா வேலை செய்யலையே?

கேள்வி: 2 நாளா ராத்திரி 2 டீஸ்பூன் கொடுக்கிறோம். வயிறு உப்பியதுதான் மிச்சம். நிறுத்திடலாமா?

பதில்: பலன் தெரிய 3 நாள் வரை ஆகும். அரை டீஸ்பூனில் ஆரம்பிச்சு மெல்ல ஏத்துங்க, உப்புசம் குறையும். 240 மி.லி. தண்ணீரில் கலக்கி, கூழா இறுகுறதுக்குள்ள குடிக்கணும். மேலே இன்னொரு டம்ளர். தண்ணீர் போதலைன்னா குடலிலேயே கட்டிக்கும். படுக்கப்போற நேரத்தில் வேண்டாம்.

பதில்: இதயம், சிறுநீரகக் கோளாறுக்குத் தண்ணீர் கட்டுப்பாடு இருந்தா முதலில் டாக்டரைக் கேளுங்க. விழுங்கச் சிரமப்படுறவங்களுக்கு இசப்கோலே கூடாது, தொண்டையை அடைச்சிடும்.

பதில்: இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை ஓடுதா? மலச்சிக்கலே அதனாலகூட இருக்கலாம். எந்த மாத்திரைக்கும் இதுக்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்க. மலத்தில் ரத்தம் தெரிஞ்சா கைவைத்தியம் வேண்டாம்.