இழிவு வெப்பநிலைக் காலத்தொடரில் விலகிய பெறுமானங்கள்: மதிப்பீட்டு முறை குறித்து உதவி தேவை

உறவுகளே, வணக்கம். நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய பதிவேடுகளிலிருந்து நாளாந்த இழிவு வெப்பநிலையைக் கணினியில் ஏற்றி, ஒரு நாளின் பெறுமானத்தை முந்தைய நாளின் பெறுமானத்தைக் கொண்டு கணிக்கும் முதலாம் வரிசைத் தன்பின்னடைவு மாதிரியுருவைப் பொருத்தி வருகிறேன். சில பக்கங்களில் 11.2 என்பது தசமப் புள்ளி விடுபட்டு 112 ஆகவும், 9.4 என்பது இலக்கம் மாறி 4.9 ஆகவும் எழுதப்பட்டுள்ளது. முன்னையதைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம்; பின்னையது தை மாதத்தில் கொழுந்தைக் கருக்கும் உறைபனி இரவுகளோடு கலந்துவிடுகிறது.

மீதிகளின் (பதிவுக்கும் மாதிரியுருவின் கணிப்புக்கும் உள்ள வேறுபாடுகளின்) வர்க்கக் கூட்டுத்தொகையை இழிவாக்கும் இழிவு வர்க்க முறை இங்கு உதவாது. ஒரு நாளின் பிழை அன்றைய மீதியோடு மறுநாளின் மீதியையும் கெடுத்து, முந்தைய நாளோடுள்ள தொடர்பைக் காட்டும் குணகத்தைப் பூச்சியத்தை நோக்கி இழுக்கிறது. புள்ளியியலாளர் ஹூபர் 1964இல் முன்வைத்த, விலகல்களைத் தாங்கும் எம் (M) மதிப்பீட்டானை, எவ்வளவு பெரிய மீதிக்கு நிறையைக் குறைப்பது என்று தீர்மானிக்கும் 1.345 என்ற மாறிலியுடன் பயன்படுத்தினால் பெரிய மீதிகளின் நிறை குறைகிறது. ஆயினும், முந்தைய நாளின் பெறுமானமே பிழையாக இருக்கும்போது அதனால் காக்க முடிவதில்லை. உண்மையான குளிர் வீழ்ச்சியோ அடுத்தடுத்த நாள்களிலும் தொடர்வதால், குணகத்தைப் பற்றி மிக நல்ல தகவலைத் தருகிறது. கொழுந்து கருகிய நாள்களைப் பிழையென்று ஒதுக்கிவிட எனக்குச் சிறிதும் விருப்பமில்லை.

பதிவுப் பிழையையும் உண்மையான குளிரையும் பிரித்தறிய, முந்தைய நாளின் பெறுமானத்துக்கும் நிறையிடும் பொதுமைப்படுத்திய எம் மதிப்பீட்டான் போதுமா, அல்லது நாளுக்கு நாள் உண்மையான நிலையை மதிப்பிட்டுச் செல்லும், விலகல்களைத் தாங்கும் கல்மன் வடிகட்டிக்குச் செல்ல வேண்டுமா? பதிவேட்டில் விடுபட்ட நாள்களும் உண்டு. ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழியில் இதைச் செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.