சொந்தக் காசில் போட்ட புத்தகமும் அந்த இருபது ரூபாயும்

மலைக்காப்பி:

சொந்தமாகப் புத்தகம் போட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாசகரிடம் இருபது ரூபாய் வாங்கினேன், வாங்கியது சரியா என்று சொல்லுங்கள். எஸ்டேட் கதைகள், 144 பக்கம், விலை 180, அடித்தது 500. கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டி நிற்கிற கதை உங்களுக்கே தெரியும்.

போன மே மாதம், ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம். ஏரிக்கரைப் பக்கம் மிளகாய் பஜ்ஜி போடும் அக்காவைக் கெஞ்சி, கடை ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பத்துப் பிரதியை அடுக்கினேன். காலையிலிருந்து மூன்று பேர் கையில் எடுத்தார்கள். ஒருவர் "இதுல மேப் இருக்கா?" என்று கேட்டார்.

மூன்று மணி வாக்கில் தூறல். மழைக்கு ஒதுங்க ஒரு பெரியவர் தார்ப்பாய்க்குள் வந்தார். கையில் கித்தான் பை, அதிலிருந்து கிளை வெட்டும் கவாத்துக் கத்தியின் பிடி எட்டிப் பார்த்தது. புத்தகத்தை எடுத்து முதலில் பொருளடக்கத்தைப் பார்த்தார், பின்னட்டையைப் பார்த்தார். அப்புறம் இரண்டாவது கதையைப் பிரித்து, வரிக்கு வரி விரல் வைத்து, உதடு அசையப் படித்தார். அரை மணி நேரம் இருக்கும். மழை நின்றது கூட அவருக்குத் தெரியவில்லை. முடித்ததும் தோள் துண்டால் அட்டையைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"தம்பி, ஒரு கதைதான் படிச்சேன். எவ்வளவு ஆச்சு?"

"அதெல்லாம் வேண்டாங்க ஐயா."

"படிச்சாச்சுல்ல" என்று சட்டைப் பையிலிருந்து இருபது ரூபாயை எடுத்து புத்தகத்தின் மேல் வைத்தார். நான் அதை எடுத்துக்கொண்டேன். அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

ராத்திரி வீட்டுக்கு வந்துதான் கணக்குப் போட்டேன். மொத்தம் ஒன்பது கதை. 180 ரூபாய்.

ஐந்துரோடு:

புத்தகத்தை அவரிடமே கொடுத்திருக்க வேண்டும் நண்பரே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விற்காத பிரதியைப் பெட்டியில் வைத்து என்ன செய்யப் போகிறோம்.

நானெல்லாம் ஊரைக் கூட்டி வெளியீட்டு விழா வைத்தவன். மண்டபம், ஃபிளக்ஸ், ஆறு பொன்னாடை, வந்தவர்களுக்கெல்லாம் தட்டுவடை செட். சிறப்பு விருந்தினர் ஐம்பது நிமிடம் பேசினார், புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. கடைசியில் "இந்த நாவலில் வரும் கதாநாயகன்" என்று ஆரம்பித்தார். என்னுடையது கவிதைத் தொகுப்பு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மாமனார் அப்போதுதான் புத்தகத்தைத் திறந்து உள்ளே பார்த்தார். வந்தவர்கள் எண்பது பேர், விற்றது பதினொன்று, தட்டுவடை மட்டும் பற்றவில்லை.

கொலுசுப் பட்டறை:

ஐந்துரோடு சார் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரியவர் காசு கொடுத்துப் படித்த வாசகர். சும்மா கொடுத்திருந்தால் அவர் அதை வாங்கியிருக்கவே மாட்டார், மனசுதான் கசந்திருக்கும். இருபதை வாங்கியது சரி.

என் கதையைக் கேளுங்கள். சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் நடக்கும் கொலை, மர்மக் கதை, 128 பக்கம். பைண்டிங்கில் ஒரு கட்டுப் பிரதிகளுக்கு மட்டும் பாரம், அதாவது பதினாறு பக்கம் சேர்ந்த மடிப்பு, மாறிவிட்டது. ஐந்தாவது பாரம் இரண்டு தடவை, ஆறாவது பாரமே இல்லை. அதாவது 80-ஆம் பக்கத்துக்கு அப்புறம் திரும்ப 65. நான் மேலாக நான்கு பிரதியைப் புரட்டிவிட்டுக் கட்டை அவிழ்த்தவன், கவனிக்கவில்லை.

ஒருநாள் ஆத்தூரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். "தம்பி, மரவள்ளிக் கிழங்கு லாரியை மறுபடியும் நிறுத்துறீங்களே, எதுக்கு?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வேறு பிரதி அனுப்புகிறேன் என்றேன். "அது வந்து சேர்றதுக்குள்ள எனக்குத் தூக்கம் வராது, போன்லயே படிச்சிருங்க" என்றார்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பட்டறையில் நின்றுகொண்டு பதினாறு பக்கத்தையும் படித்தேன். நான்காவது பக்கத்தில் சலங்கை கோர்க்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். பற்ற வைக்கிற அண்ணன் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார். 91-ஆம் பக்கத்தில் நிலா வெட்கப்பட்டு மேகத்துக்குள் ஒளிகிறது என்று ஒரு வரி வரும். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. அத்தனை பேர் முன்னால் வாயில் வரவில்லை, தாண்டிவிட்டேன்.

"இங்க ஏதோ விட்டுட்டீங்க" என்றார் அந்த அம்மா.

இல்லைங்க என்று சாதித்துவிட்டேன். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

இரவுப்பக்கம்:

அச்சுப் புத்தகம் போட்டவர்கள் வாசகரின் முகத்தையாவது பார்க்கிறீர்கள். நான் அமேசானின் கிண்டிலில் மின்னூலாக மட்டும் போட்டேன். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் சேர்த்தால் ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் வாசிக்கப்பட்டது என்று வரைபடம் காட்டும். யார் என்று காட்டாது.

என் வரைபடம் மாதக்கணக்கில் தரையோடு கிடந்தது. திடீரென ஒரு திங்கட்கிழமை 7. மறுநாள் 9. அப்புறம் 8, 7, 10. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுழியம், திங்கள் மறுபடி தொடங்கியது. யாரோ ஒரே ஆள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். கூட்டிப் பார்த்தால் 61-இல் நின்றுவிட்டது. அதன்பிறகு ஒரு பக்கம் கூட இல்லை.

எங்கள் குடும்பக் கதை அது. 62-இல்தான் பெரியப்பா நிலத்தை எழுதி வாங்கிய அத்தியாயம் தொடங்குகிறது. அடுத்த மாதம் சூரமங்கலத்தில் ஒரு கல்யாணம். பெரியம்மா என்னைப் பார்த்து, "நீ நிறைய எழுதுறியாமே" என்றார். அவ்வளவுதான், சாம்பார் வாளி வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற நூலகர்:

மேடம், அந்த எண்ணிக்கை நீங்கள் நினைக்கும் பக்கம் அல்ல. கிண்டில்காரர்கள் தங்கள் அளவில் கணக்கிடும் பக்கம் அது, உங்கள் கோப்பில் இருக்கும் 62 வேறு. ஒரே ஆள் என்பதற்கும் ஆதாரமில்லை. வீணாகப் பெரியம்மாவைச் சந்தேகப்படாதீர்கள். அன்லிமிடெட்டில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது, அதில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம். இந்தியாவில் விற்பதற்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அதில் சேர்ந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 35தான்.

என் சொந்த அனுபவம் சிறியது. ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் என்னிடம் 2,500 ரூபாய் வாங்கினார். நூலகத்தில் காலம் தள்ளிய ஆள் நான், அது இலவசம் என்று தெரிந்தும் சோம்பலில் கொடுத்தேன். அவ்வளவுதான்.

ஆகவே புதிதாகப் போடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஐஎஸ்பிஎன்னை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை தருகிறது, எழுத்தாளர் தன் பெயரிலேயே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். மலைக்காப்பி 500 அடித்தது தவறு. தகடு செய்து மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட்டில் எண்ணிக்கை கூடினால் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு குறையும் என்று அச்சகத்தில் ஆசை காட்டுவார்கள். குறைவது உண்மை. ஆனால் விற்காத 300-ஐயும் சேர்த்து வகுத்துப் பாருங்கள். முதலில் டிஜிட்டல் அச்சில் ஐம்பது போடுங்கள். ஆஃப்செட் என்றால் பக்கத்தைப் பதினாறின் மடங்கில் முடியுங்கள், 145 பக்கம் என்று போய் நிற்காதீர்கள். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் காலும் தனித்தனியே போகும், "கொடி" என்ன ஆகிறது என்று முதலில் பாருங்கள்.

விலை வைக்கும்போது கடைக்காரர் கழிவை மறக்காதீர்கள். என்னிடம் 40 சதவீதம் கேட்டார்கள், விற்ற பிறகுதான் பணம். 180 ரூபாய்ப் புத்தகத்தில் 72 அங்கேயே போயிற்று. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது ஒரு ஆறுதல். தபால் இன்னொரு தலைவலி. 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், பழைய கட்டணத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விழாவுக்குச் செலவழிப்பதற்குப் பதில் கிளை நூலகங்களின் வாசகர் வட்டத்தில் போய்ப் பேசுங்கள். ஐந்துரோடு கோபித்துக்கொள்ளக் கூடாது, பொன்னாடை போர்த்தி யாரும் வாசகர் ஆனதில்லை.

கடைசியாக, பலரும் மறப்பது. சொந்தமாகப் போட்டால் நீங்களே பதிப்பாளர். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் தலா ஒரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். அங்கே அது நிரந்தரமாக இருக்கும்.

ஐந்துரோடு:

ஐயா, பொன்னாடை மாமனார் உபயம்.

மலைக்காப்பி:

நூலகர் ஐயாவுக்கு நன்றி. நான் கேட்டது அதையல்ல, இருந்தாலும் 40 சதவீதக் கணக்கு எனக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். பெரியவரை மறுபடி பார்க்கவில்லை. பஜ்ஜிக்கடை அக்கா, அவர் நாகலூர் பஸ்ஸில் போகிறவர் என்கிறார். இன்னும் எட்டுக் கதை பாக்கியிருக்கிறது என்பதால் ஒரு பிரதியை அக்கா கடையில் வைத்திருக்கிறேன். அதில் இப்போதே எண்ணெய் இறங்கிவிட்டது.

கொலுசுப் பட்டறை:

நூலகர் ஐயா, ஒரு சந்தேகம். நான் சட்டத்துக்குப் பயந்து புத்தகம் வந்த வாரமே நான்கு ஊருக்கும் அனுப்பிவிட்டேன். எல்லாம் முதலில் அவிழ்த்த கட்டிலிருந்து எடுத்தது. ஆத்தூர் அம்மாவுக்குப் போனதும் அதே கட்டுதான். அனுப்பியதைத் திரும்பக் கேட்டால் கொடுப்பார்களா?