வகுப்பறைக்குள் கட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கல்லூரி அனுபவங்கள்

செம்மண் சாலை:
டிப்ளோமா இரண்டாம் பருவம், நாட்டு வரலாற்றுத் தாள், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேயர் 1948இல் மலாயாவில் அறிவித்த அவசரகாலம் பற்றிய கட்டுரை. நம் வட்டாரத்துக்காரர்களுக்கு அந்தப் பாடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், ஆட்களை முள்வேலிக்குள் குடியமர்த்திய கதை ஒன்று கிடைக்கும். நான் மலாயா கணபதியைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டவர். இந்திய அரசு கருணை கேட்டும் பயனில்லை. நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து, பக்க எண் போட்டுத்தான் எழுதினேன்.

தாள் திரும்பி வந்தது. அந்தப் பத்தியின் மேல் மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் மலாயில், “இதை உன் தாத்தாவிடம் கேட்டு எழுதினாயா?” என்ற கேள்வி. என் தாத்தா லிந்தாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் என்பது அவருக்குத் தெரியும், முதல் வாரம் நானே சொல்லியிருந்தேன். ஆள் யார் என்றால், தேர்தல் வந்தால் காரில் கொடி கட்டிக்கொண்டு கல்லூரிக்குள் வருபவர். எந்தக் கொடி என்பது இங்கே எல்லாருக்கும் புரியும்.

மதிப்பெண்ணில் ஒன்றுகூடக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கிளைச் செயலாளர் மகன்:
எனக்கு நடந்தது நேர் எதிர்ப்பக்கம். 2018 மே 9 தேர்தலுக்கு முந்தைய வாரம். பாடம் கணக்கியல், அரசியலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வந்ததும் புத்தகத்தை மூடச் சொன்னார். “இந்த முறை தராசுக்கு யார்? கை தூக்குங்கள்.” தராசு, அப்போது ஆட்சியில் இருந்த தேசிய முன்னணிக் கூட்டணியின் சின்னம். எங்களில் பலருக்கு ஓட்டே கிடையாது, அப்போது வாக்களிக்கும் வயது 21.

நான் கை தூக்கவில்லை. அவரே என்னைக் காட்டினார். “இவன் வீட்டில் எல்லாரும் தராசுதான். உன் அப்பாவுக்கு இந்தத் தடவை எவ்வளவு?” வகுப்பு கைதட்டியது.

என் அப்பா அந்தக் கூட்டணியில் இருந்த ம.இ.கா.வின், அதாவது மலேசிய இந்தியர் காங்கிரஸின், கிளைச் செயலாளர், உண்மை. சம்பளமில்லாத வேலை. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு ஆயுள் முழுதும் அலைந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்து, தன் மோட்டார் சைக்கிளில் பதிவு இலாகாவுக்கு ஏற்றிக்கொண்டு போனவர். அவருடைய கட்சியைத் திட்டுங்கள், நானே திட்டியிருக்கிறேன். கைதட்டியவர்களில் ஒருத்தியின் பாட்டிக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை வாங்கிக் கொடுத்தது என் அப்பாதான். அவளும் தட்டினாள். அவளுக்கு அது தெரியாமல்கூட இருந்திருக்கலாம்.

எல்பில் பேரன்:
செம்மண் சாலை சகோதரிக்கு: அந்த விரிவுரையாளர் எழுதிய விதம் தவறு, கோடு போட்டது தவறல்ல. 1948 ஜூன் 16 அன்று நம் ஊரில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் ஒன்று நடந்தது எல்பில் தோட்டத்து அலுவலகத்தில். அதற்குப் பிறகுதான் 1960 வரை நீண்ட அவசரகாலம். என் தாத்தா அந்தத் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. காட்டிலிருந்து வந்தவன் அரிசி கேட்டால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் மறுநாள் போலீஸ் பிடிக்கும். தொழிற்சங்கத் தலைவர் என்று ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அதுவும் சாய்வுதான்.

என் கதை சின்னது. 2007 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, கோலாலம்பூரில் இந்தியர் உரிமை கேட்டு இண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணி, போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்துக் கலைத்தது. மறுநாள் காலை வருகைப் பதிவு எடுக்கும்போது விரிவுரையாளர் இந்திய மாணவர்களின் பெயரை மட்டும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். என் முறை வந்ததும் பக்கத்தில் வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார். “கண் ஏன் சிவந்திருக்கிறது?” நான் இரவெல்லாம் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு நேராக வகுப்புக்கு வந்திருந்தேன். பேரணிக்குப் போகவே இல்லை. “போனேன் சார்” என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் விளங்கவில்லை.

செம்மண் சாலை:
அண்ணா, என் கட்டுரையின் முதல் பத்தியே அந்த மூன்று கொலைகள்தான். அதை அவர் தொடவில்லை. முழுத் தாளையும் படிக்காமலே சாய்வு என்கிறீர்கள்.

பிரிவு பதினைந்து:
எல்லாரும் ஆதங்கப்படுகிறீர்கள், சட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மாணவர்கள் கட்சி அரசியலில் இறங்குவதைத் தடுத்த பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம், மலாயில் ஆவுக்கு என்பார்கள், 1971இல் வந்தது. 1974இல் ரப்பர் விலை விழுந்து பாலிங் பக்கம் விவசாயிகள் பட்டினியில் தெருவுக்கு வந்தார்கள், மாணவர்களும் அவர்களோடு இறங்கினார்கள். 1975இல் அந்தச் சட்டத்தை இறுக்கினார்கள். 2010இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலுக்குப் போன நான்கு மாணவர்கள் மீது அவர்களுடைய பல்கலைக்கழகம் நடவடிக்கை எடுத்தது. அவர்கள் வழக்குப் போட்டு, 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2012இல் மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்று திருத்தம். 2018 டிசம்பரில் வளாகத்துக்குள்ளேயே அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடையும் போனது.

கவனியுங்கள், இவையெல்லாம் மாணவனைக் கட்டிய கயிறு. அரசாங்க விரிவுரையாளருக்கு 1993ஆம் ஆண்டு அரசு ஊழியர் கட்டொழுங்கு விதிகள் இருக்கின்றன. நிர்வாக, நிபுணத்துவப் பிரிவில் இருப்பவர் கட்சிக்காக வேலை செய்யக் கூடாது. தனியார் கல்லூரி என்றால் அந்த விதி பாயாது. ஆகவே முதலில் உங்கள் கல்லூரி எந்த வகை என்று பாருங்கள். அடுத்து, தேதி, நேரம், சொன்ன வாசகம், அருகில் இருந்தவர் பெயர், அன்றிரவே எழுதி வையுங்கள். விடைத்தாளைத் தூக்கி எறியாதீர்கள். மறுமதிப்பீட்டை வாய்மொழியாகக் கேட்காதீர்கள், கடிதமாகக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். புகாரில் “சாய்வு” என்று எழுதாதீர்கள், அந்தச் சொல்லுக்கு ஆயிரம் பதில் வைத்திருப்பார்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

என் அனுபவம்? இனங்களுக்கிடையிலான உறவுகள் பாடம். 2006இல் அந்தப் பாடத்தின் ஒரு பல்கலைக்கழக வழிகாட்டி நூலை அமைச்சரவையே திரும்பப் பெறச் சொன்ன செய்தி நினைவிருக்கும். அதில் 2001இல் கம்போங் மேடானில் நடந்த இனக்கலவரம் பற்றி எழுதியிருந்த விதம்தான் சர்ச்சை. அதைப் பற்றிக் கேட்க நான் கை தூக்கினேன். “மணி ஆகிவிட்டது” என்றார். மணி ஆகியிருக்கவில்லை.

பகுதிநேர விரிவுரையாளர்:
மறுபக்கத்திலிருந்து ஒருவன் பேசலாமா? 18 வயதில் ஓட்டுரிமை 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 19 பொதுத் தேர்தல். அந்த வாரம் மாணவர்களே கேட்டார்கள், “சார், யாருக்குப் போடலாம்?” வாக்குச்சீட்டை எப்படி மடிப்பது என்றுதான் கேட்டிருக்க வேண்டும், அது பலருக்குத் தெரியவில்லை. “என் ஓட்டு என்னுடையது. ஆனால் ஐந்தாண்டு தலையைக் காட்டாதவனுக்குப் போடாதீர்கள்” என்றேன். கடைசி வாக்கியத்தை மட்டும் ஒரு பையன் கைப்பேசியில் பிடித்து, அன்றைய தொகுதி உறுப்பினரின் படத்தை ஒட்டிச் சுற்றுக்கு விட்டுவிட்டான். இரவு பத்து மணிக்குக் கல்லூரி முதல்வர் அழைத்தார். பகுதிநேரக்காரன், மணிக்கணக்குச் சம்பளம். அடுத்த பருவத்துக்கு எனக்கு வகுப்பு ஒதுக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை.

கணக்கியல் ஆசிரியர் செய்தது அசிங்கம், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் ஆசிரியன் வாயே திறக்கக் கூடாது என்றால், வரலாற்றை யார் நடத்துவது?

எல்பில் பேரன்:
ஐயா, யார் வாயைத் திறந்தாலும் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் திறக்கிறார்கள். அதுதான் பிரச்சினை.

கிளைச் செயலாளர் மகன்:
பிரிவு பதினைந்து அவர்களுக்கு: கல்லூரி தனியார்தான், நீங்கள் சொன்ன விதி பாயாது. கடிதம் கொடுத்தேன், முத்திரையும் வாங்கினேன். பதில் வருவதற்குள் தேர்தல் முடிந்து ஆட்சி மாறிவிட்டது. அலுவலகத்தில் கேட்டதற்கு, “இப்போது இதைக் கிளறினால் தோற்றவன் அழுகிறான் என்பார்கள், தம்பி” என்றார்கள். அதே ஆசிரியரிடம் இன்னும் இரண்டு தாள் எடுத்தேன். பாடம் நன்றாகவே நடத்துவார்.