விஎம்-ல நேரம் பின்தங்குது: டைம்சிங்க்டியா, குரோனியா, என்டிபிடியா?

தும்பி:
ஒரு லேப்டாப், நெட்வொர்க் வழியா ஃபைல்களைப் பகிர்ற ஒரு என்எஃப்எஸ் சர்வர், அந்த சர்வர்ல இருக்கிற கோடை கம்பைல் பண்ண ஒரு விர்ச்சுவல் மெஷின் (விஎம்). மூணுமே லினக்ஸ். விஎம்-ஐ சஸ்பெண்ட் பண்ணி எழுப்பினா அதோட கடிகாரம் பின்தங்கி நிக்குது. உடனே மேக் (கம்பைல் பண்ற கருவி) ஓட்டினா, ஃபைலோட நேரம் எதிர்காலத்துல இருக்குன்னு எச்சரிக்கை. விஎம்-ல நெட்வொர்க் வழியா நேரத்தைச் சரிபண்ற குரோனி இருந்துச்சு, போதலைன்னு அதே வேலையைச் செய்ற என்டிபிடியையும் சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணிப் போட்டேன். இப்ப இன்னும் மோசம். எதை வச்சுக்கலாம்?

பழையஷெல்:
ரெண்டும் ஒரே நேரத்துல ஓடுதா?! ஒண்ணு முன்னால தள்ளும், மத்தது பின்னால இழுக்கும். டெபியன்ல பேக்கேஜா போட்டிருந்தா ஒண்ணு வந்ததும் இன்னொண்ணு கழண்டிருக்கும். சோர்ஸ்ல போட்டதால தப்பிச்சிருச்சு. என்டிபிடியைத் தூக்குங்க. அது மெதுவா நகர்த்துற வேகம் 500 பிபிஎம்தான் (பத்து லட்சத்துல 500 பங்கு), அதாவது ஒரு நொடியைச் சரிக்கட்ட 2000 நொடி. வித்தியாசம் 1000 நொடியைத் தாண்டினா வழக்கமா செயலையே நிறுத்திக்கும். தூங்கி எழுற மெஷினுக்கு இது சரிப்படாது.

தும்பி:
தூக்கிட்டேன். ஆட்டம் நின்னுச்சு. ஆனா எழுந்ததும் பின்தங்கல் அப்படியேதான் இருக்கு.

பழையஷெல்:
குரோனியோட கான்ஃபிக்ல 'மேக்ஸ்டெப் 1.0 3'ன்னு இருக்கும். ஒரு நொடிக்கு மேல வித்தியாசம்னா ஒரேயடியா தாவலாம், ஆனா குரோனி கிளம்பினதும் வர்ற முதல் மூணு திருத்தத்துல மட்டும். அந்த 3-ஐ -1 ஆக்குங்க, எப்ப வேணாலும் தாவும்.

கருநொச்சி:
விஎம்-க்கு மட்டும் அப்படிப் பண்ணுங்க. டேட்டாபேஸ் ஓடுற சர்வர்ல -1 போட்டு, கடிகாரம் பின்னால தாவினா பதிவுகளோட வரிசையே குழம்பிடும்.

உங்க விஷயத்துல உலக நேரத்தைவிட மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போறதுதான் முக்கியம். என்எஃப்எஸ் சர்வர்லயும் குரோனி போட்டு, மத்த ரெண்டும் அதுகிட்டயே நேரம் கேட்கட்டும். லேப்டாப்புக்கு, நேரத்தைச் சரிபண்ற எளிய கருவியான டைம்சிங்க்டியே தாராளம். அது கேட்க மட்டும் செய்யும், மத்த மெஷினுக்கு நேரம் சொல்லாது. அதனால சர்வர்ல அது உதவாது.

தும்பி:
செஞ்சு பார்த்தேன். முதல்ல விஎம்-ல 'குரோனிசி சோர்சஸ்' அடிச்சா ரீச் 0, அதாவது சர்வர்கிட்ட இருந்து பதிலே வரலை. ஃபயர்வால்ல நேரம் கேட்கிற போர்ட்டான யுடிபி 123 திறந்துதான் இருந்துச்சு. அரைமணி நேரம் மண்டையை உடைச்சப்புறம்தான் தெரிஞ்சுது, சர்வர் கான்ஃபிக்ல மத்த மெஷின் நேரம் கேட்க அனுமதிக்கிற 'அலவ்' வரியை எழுதவே இல்லை. எழுதினேன். இப்ப ரீச் 377, சர்வர் பேருக்கு முன்னால, அதையே தேர்ந்தெடுத்திருக்குன்னு காட்டுற நட்சத்திரமும் வந்துருச்சு.

கருநொச்சி:
377 ஆக்டல் எண், அதாவது எட்டை அடிமானமா வச்சு எழுதினது. கடைசி எட்டு கேள்விக்கும் பதில் வந்திருக்குன்னு அர்த்தம். எழுப்பினதும் கொஞ்சம் பொறுத்து மேக் ஓட்டுங்க, அடுத்த கேள்விக்குப் பதில் வந்தாதான் தாவும்.