பதில்: ‘ஃபிகில்’ என்ற குட்டைச் சறுக்குக்கட்டைக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: குறுஞ்சறுக்குக்கட்டை, செங்குத்துச்சறுக்கி, அப்புறம் எழுத்துப்பெயர்ப்பாக ஃபிகில். மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பெயர் வைக்கும் முன் அந்தப் பொருளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஃபிகில் என்பது ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் பனிச்சரிவில் சறுக்கி இறங்கப் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் கருவி. ஜெர்மன் மொழியில் முழுப்பெயர் ஃபிர்ன்கிளைட்டர். இரு பாதிகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஃபிகில் என்கிறார்கள். நீளம் ஏறக்குறைய 60 செ.மீ. வழக்கமான பனிச்சறுக்குக் கட்டை 160 முதல் 180 செ.மீ. வரை இருக்கும். ஆனால் நீளத்தைவிட முக்கியமான வேறுபாடு காலில் இருக்கிறது. பனிச்சறுக்குக்கென்றே செய்த விறைப்பான காலணி இதற்குத் தேவையில்லை. மலையேறும் காலணியோடு நடந்து ஏறி, உச்சியில் அதே காலணியின் அடியில் இதை வாரால் கட்டிக்கொண்டு இறங்கிவிடலாம். ஏறும்போது பையில் அடங்கிவிடும்.

டிரோலின் இன்ஸ்புருக் நகரின் தலைக்கு மேலேயே நிற்கும் நோர்ட்கெட்டே மலைத்தொடர் இதற்குப் பேர்போன இடம். 1928இல் திறக்கப்பட்ட கம்பிவடப் பாதை நகரின் மேட்டுப்பகுதியான ஹுங்கர்பூர்க்கிலிருந்து ஹாஃபெலேகார் முகடு வரை ஏறுகிறது. அங்கிருந்து இறங்கும் பாறை இடுக்கின் சரிவு 70 விழுக்காடு. இதைப் பாகை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 70 விழுக்காடு என்றால் 35 பாகை. நின்று பார்த்தால் அதுவே போதுமான செங்குத்து.

இவ்வளவு குட்டையாக ஏன்? இடுக்கு குறுகலாக இருந்தால் நீண்ட கட்டையைத் திருப்ப இடம் இருக்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று இயற்பியல். ஒரே அகலமும் தடிமனும் கொண்ட இரு கட்டைகளில் ஒன்று மற்றதன் மூன்றில் ஒரு பங்கு நீளம் என்றால், அதன் நிலைமத் திருப்புத்திறன் (இலங்கைப் பாடநூல்களில் சடத்துவத் திருப்பம்), அதாவது திருப்பும்போது அது காட்டும் எதிர்ப்பு, 27இல் ஒரு பங்குதான். அதனால் காலை லேசாகத் திருப்பினாலே கட்டையும் திரும்பிவிடும். ஆனால் முன்னும் பின்னும் தாங்க நீளம் இல்லாததால், உடலைச் சற்றுப் பின்னே சாய்த்துக் குதிகாலில் எடையை வைத்து ஓட்ட வேண்டும். வழக்கமான சறுக்கில் பயிற்றுநர் இதைத்தான் தவறு என்று திருத்துவார்.

ஆகவே ‘குறுஞ்சறுக்குக்கட்டை’ சரிவராது. அதைப் படிப்பவர் பெரிய கட்டையின் சிறு வடிவம் என்றே நினைப்பார். குழந்தைகளின் கட்டையும் குட்டைதான். 1990களில் க்னைசில் நிறுவனம் விற்ற, கால்விரல் வடிவ முனை கொண்ட பிக்ஃபுட்டும் குட்டைதான். அதற்கு விறைப்பான காலணி வேண்டும், ஓட்டியதும் பெரும்பாலும் சீர்செய்த தடங்களில். குறுஞ்சறுக்குக்கட்டையை இந்த மொத்தக் குடும்பத்துக்கும் பொதுப்பெயராக வைத்துக்கொள்ளலாம்.

‘செங்குத்துச்சறுக்கி’ அதைவிடச் சிக்கல். சுவிஸ் நாட்டின் பனிச்சறுக்கு வீரர் சில்வான் சோதான் 1967இல் பிரான்சின் ஷமோனிக்கு மேலே ஸ்பென்சர் இடுக்கில் இறங்கினாரே, அது இதைவிடக் கடும் செங்குத்து. அவர் இறங்கியது வழக்கமான கட்டைகளில். சரிவின் கடுமையை மட்டும் சொல்லும் பெயர் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ‘ஃபிகில்’ எழுத்தில் சரிதான். ஆனால் பேச்சில் அந்த முதல் ஒலி நிற்காது, ‘பிகில்’ ஆகிவிடும். தமிழ்நாட்டில் அது ஊதல்.

என் பரிந்துரை: சரிவுக்குறடு.

முதலில் ‘சறுக்குமிதி’ என்று யோசித்தேன். கால்மிதி வாசலில் கிடப்பது என்பதால் விட்டுவிட்டேன். குறடு அப்படியல்ல. பாதக்குறடு என்பது உள்ளங்காலின் கீழ் வரும் மரத்துண்டு. காலளவுப் பொருள், காலில் அணிவது. இடுக்கிக்கும் குறடு என்ற பெயர் உண்டு, ஆனால் ‘சரிவு’ முன்னால் நிற்கும்போது குழப்பம் வராது. பனியில் நடப்பதற்கான அகன்ற காலணியோடும், சமதளப் பனிக்கட்டியில் ஓடும் கத்திக்காலணியோடும் இது மோதாது. ‘பனி’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். மார்கழிப் பனியும் அதே பனிதானே.

கூடவே தீர்க்க வேண்டியது, ஃபிர்ன்கிளைட்டர் என்ற பெயரின் முதல் பாதியான ஃபிர்ன். பனியாற்றியலில் இது ஒரு கோடையைத் தாண்டி இறுகிக் கிடக்கும் பழைய பனி. அதற்கு ‘முதுபனி’ பொருந்தும். சறுக்குபவர் பேச்சில் பொருள் வேறு: இரவில் உறைந்து, காலை வெயிலில் மேற்பரப்பு மட்டும் ஓரிரு சென்டிமீட்டர் இளகும் வசந்தகாலப் பனி. இதற்கு ‘இளகுபனி’ என்று வினைத்தொகையாகவே சொல்லலாம். இரண்டையும் பிரிப்பது வெறும் சொல்நயத்துக்காக இல்லை. இளகும் முன் இறங்கினால் பரப்பு கண்ணாடிபோல் இருக்கும், விழுந்தால் சறுக்கல் நிற்காது. வெயில் ஏறிய பிறகு இறங்கினால் ஈரப்பனி திரளாகச் சரிந்து விழும் ஆபத்து உண்டு. இடைப்பட்ட அந்த நேரம்தான் சரிவுக்குறட்டுக்கு உரியது. கலைச்சொல்லில் அது தெரிய வேண்டும்.

தடத்துக்கு வெளியே ஓட்டுவதை ஒரு நண்பர் ‘கட்டற்ற சறுக்கு’ என்றார். மென்பொருளுக்கு அது அழகான சொல். மலையில் கட்டுப்பாடு இழந்த சறுக்கு என்ற பொருளைத் தந்துவிடும் என்பதால் ‘தடப்புறச் சறுக்கு’ என்பதையே ஆதரிக்கிறேன்.

அகராதிக்கு இப்படி எழுதலாமா என்று பாருங்கள்:

சரிவுக்குறடு, பெயர்ச்சொல்: செங்குத்தான மலைச்சரிவில் இளகுபனி மீது தடப்புறமாக இறங்க, மலையேற்றக் காலணியின் அடியில் கட்டிக்கொள்ளும், ஏறக்குறைய 60 செ.மீ. நீளமுள்ள சறுக்குக்கட்டை.

வினைச்சொல் இன்னும் அமையவில்லை. டிரோல்காரர்கள் பெயரையே வினையாக்கி ‘ஃபிகிலன்’ என்கிறார்கள். நமக்கு ‘குறடோட்டுதல்’ என்று வருகிறது, எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. சுவிஸில் வாழும் நண்பர்கள் இங்கே உண்டு. உங்கள் பிள்ளைகள் பள்ளியோடு பனிச்சறுக்கு முகாமுக்குப் போய்வந்து வீட்டில் தமிழில் பேசும்போது எந்த வினையைச் சொல்கிறார்கள்: சறுக்குவதா, ஓடுவதா, விடுவதா? அதை எழுதினால் அங்கிருந்து தொடரலாம்.

அன்புடன்