கற்பனை உலகத்துக்கு எந்த மண்: கோட்டை, கட்டாரி, தாயகம் குறித்து ஒரு விவாதம்

பகடைக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழு சனிக்கிழமை மாலைகளில் அடையாறில் கூடிப் பாத்திரமேற்று ஆடும் பகடை விளையாட்டை ஆடிவருகிறது. அடுத்த ஆட்டத்துக்காக இடைக்கால மாய உலகம் ஒன்றை நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். வரைபடத்தில் மூன்று தாயகங்கள் உள்ளன. வடக்கே பனிமலை, அங்கே கல்கோட்டை, தட்டுக்கவசம், மூன்று கிலோ எடையுள்ள நீண்ட வாள். நடுவே அடர்காடு, அங்கே மரவீடு, வில். தெற்கே வறண்ட நிலம்; அங்கே கூடாரம், வளைந்த கத்தி, குதிரை. எந்தத் தாயகத்தில் பிறந்த பாத்திரத்துக்கு எந்த ஆயுதத்தில் கூடுதல் புள்ளி என்பதையும் அட்டவணையாக எழுதி வைத்திருக்கிறேன். இதில் எதைச் சேர்க்கலாம், எதை நீக்கலாம் என்று கருத்துச் சொல்லுங்கள்.

திணைமயக்கம்:
பகடைக்காரருக்கு, அட்டவணை தெளிவாக இருக்கிறது. ஆனால் ஆயுதம் முதலில் வந்து உட்கார்ந்துகொள்ள, நிலம் அதற்குப் பின்னால் வெறும் திரைச்சீலையாகத் தொங்குகிறது. ஓர் ஊரில் தண்ணீர் எங்கே கிடைக்கிறது, என்ன விளைகிறது, பக்கத்து ஊர்க்காரர் எதைத் திருட வருவார் ஆகிய மூன்றையும் முடிவு செய்துவிட்டால் வீடும் ஆயுதமும் தாமாகவே வந்து சேரும்.

சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சியில் ஆண்ட இளந்திரையனிடம் போகும் பாணனுக்கு வழி சொல்லப்படுகிறது. வழியில் எயினர் என்னும் வேட்டுவரின் குடிசை வருகிறது. முள்ளம்பன்றியின் முதுகைப் போல ஈச்ச ஓலை வேய்ந்த கூரை. அவர்களின் பெண்களான எயிற்றியர் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். மற்ற மான்களை ஈர்க்கப் பழக்கிய பார்வை மான் கட்டப்பட்ட விளாமரத்தின் நிழலில், தரையிலேயே தோண்டிய உரலில் அதை இட்டுக் குத்துகிறார்கள். ஆழக் கிணற்றில் ஊறும் உவர்நீரை முகந்து, வாய் உடைந்த பழம்பானையை அடுப்பிலேற்றி, உப்புக்கண்டத்தோடு சமைக்கிறார்கள். இந்த ஒரு முற்றத்தைப் படித்த ஆட்டக்காரர் அங்கே வில் ஏன் இருக்கிறது என்று கேட்க மாட்டார். உங்கள் தெற்கு நிலத்துக் கூடாரத்தில் வசிப்பவர் காலையில் என்ன சாப்பிடுகிறார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போரும் அப்படித்தான். தொல்காப்பியப் புறத்திணையில் அது வெட்சியில், அதாவது ஆநிரை கவர்வதில் தொடங்குகிறது. நாட்டின் மீது படையெடுக்கும் வஞ்சியும், கோட்டையை முற்றுகையிடும் உழிஞையும் அதற்குப் பிறகே வருகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்வெட்டே சொல்கிறது. முதல் நாள் ஆட்டத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எந்த அரக்கன் குகையில் கிடைக்கும்?

அடையாறு நரி:
படிக்கச் சுவையாக இருக்கிறது, ஆடுவதற்கு உதவாது. வாரம் முழுவதும் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்த்துவிட்டு, மே மாதப் புழுக்கத்தில் வியர்வையோடு வந்து உட்காருபவர் பனிமலைக் கோட்டையைக் கேட்பதற்குக் காரணமே அது இங்கே இல்லை என்பதுதான். விளாமர நிழல் அவருடைய பாட்டி வீட்டிலேயே இருந்திருக்கும். இவ்வகை ஆட்டங்களின் முன்னோடியான டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. அன்றிலிருந்து கோட்டை, பாதாளச் சிறை, சத்திரம் ஆகியவை இந்த விளையாட்டின் பொதுச்சொத்தாகிவிட்டன. கோட்டைக்கதவு என்று ஆட்டத்தின் நடத்துநர் சொன்னதும் ஐந்து பேர் மனத்திலும் ஒரே கதவு தெரிகிறது, ஆட்டம் உடனே நகர்கிறது. உழிஞை என்று சொன்னால் அரைமணி நேரம் பாடம் நடத்த வேண்டும்.

இன்னொன்று. திணை என்பது புலவர்களின் மரபே அன்றி நில அளவைத் துறையின் வரைபடம் அன்று. அதை அப்படியே தரையில் விரித்து இது குறிஞ்சி நாடு, இது நெய்தல் நாடு என்று கோடு போடுவது, காட்டில் ஒரு குலம், மலையில் ஒரு குலம் என்று பிரிக்கும் மேலைநாட்டு வழக்கத்துக்கு வேட்டி கட்டிவிடுவது மட்டுமே. அடுத்து யாராவது வளரி என்னும் வளைந்த எறிகருவியைச் சேர்க்கச் சொல்வார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். வளரியைப் பற்றி நன்கு அறியப்பட்ட நேரடிக் குறிப்பு, சின்ன மருது தனக்கு அதை எறியக் கற்றுக்கொடுத்ததாகக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியது. அது துப்பாக்கிக் காலம், இடைக்காலம் அன்று.

உலைக்களம்:
காலக்கணக்குப் பார்ப்பதானால் இரு பக்கமும் பார்க்க வேண்டும், நரி அவர்களே. தலைமுதல் கால்வரை மூடும் தட்டுக்கவசம் ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 15ஆம் நூற்றாண்டிலும்தான் முழுமை பெற்றது. அப்போது அங்கேயும் பீரங்கி முழங்கிக்கொண்டிருந்தது. அதை அனுமதிப்பவர் வளரியை வாசலில் நிறுத்த முடியாது.

அட்டவணையில் உடனே திருத்த வேண்டியது வாளின் எடை. உண்மையான நீண்ட வாள்கள் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 1978இல் வந்த விதிநூலில் நீண்ட வாளுக்கு ஆறு பவுண்டுக்கு நிகரான எடை போட்டிருந்தார்கள். அந்த மூன்று கிலோ இன்னும் வழிவழியாக வந்துகொண்டிருக்கிறது. முழுக்கவசத்தின் எடை 15 முதல் 25 கிலோ. உடல் முழுவதும் பரவி நிற்பதால் அதை அணிந்தவர் ஓடலாம், குதிரை ஏறலாம். அவரை வீழ்த்துவது எடையைவிட வெப்பமே. நாற்பது டிகிரி வெயிலில், கடற்காற்றின் ஈரத்தில், உள்ளே பஞ்சு தைத்த சட்டையும் வெளியே எஃகும் அணிந்து அரைமணி நேரம் சண்டையிடச் சொல்லிப் பாருங்கள். கவசத்துக்கு எடையைக் கணக்கிடும் விதி இருக்கிறது. வெயிலைக் கணக்கிடும் விதி இல்லை.

தெற்கு நிலத்துக்குக் குதிரை கொடுத்திருக்கிறீர்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல்வழியே வாங்குவதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை இறந்துவிடுவதையும் எழுதியிருக்கிறார். இந்தத் தட்பவெப்பம் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பேணத் தெரிந்தவர்களும் இல்லை. ஆகவே வெப்பமான தாயகத்தில் குதிரை என்பது பிறப்புரிமையாக வரக்கூடாது. துறைமுகம் வைத்திருப்பவர் விலை கொடுத்து வாங்கி, அடுத்த ஆண்டும் வாங்க வேண்டிய செலவாக அது இருக்க வேண்டும். துறைமுகத்தைப் பிடித்தால் எதிரியின் குதிரைப்படை இரண்டு ஆண்டில் தானே கரைந்துவிடும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல போர்த்தந்திர விதி இல்லை.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுவோடு போய்க் கட்டாரிகளைப் பாருங்கள். இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பியை முட்டியால் பற்றி நேராகக் குத்தும் ஆயுதம் அது. கைப்புறத்தை இலை வடிவத் தகடு மூடியிருக்கும். தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பாவிலிருந்து வந்த வாளின் அலகை வெட்டி ஆணியடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். மறுபுறம், கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் மூசை என்னும் உருக்குக் கலத்தில் எஃகு செய்ததற்கான தடயங்களும் கிடைத்திருக்கின்றன. ஆயுதம் எந்தக் காலத்திலும் ஒரே தாயகத்துக்குள் அடங்கிக் கிடந்ததில்லை.

பெரம்பூர் வாசகி:
நீங்கள் மூவரும் பனியா வெயிலா என்று வாதிடுகிறீர்கள். எனக்கு உறுத்துவது அட்டவணையின் அடிப்படை. பிறந்த இடம், அதனால் தொழில், அதனால் ஆயுதம், அதனால் கூடுதல் புள்ளி என்ற வரிசை, மலைக்குள்ளனுக்கும் காட்டுத்தேவதைக்கும் எழுதப்பட்டிருக்கும் வரை விளையாட்டாகத் தோன்றும். அதையே திணைமயக்கம் அவர்கள் விரும்புவதுபோல் எயினர், ஆயர், உழவர், பரதவர் என்று நம் மண்ணில் எழுதினால் அதற்கு வேறு பெயர் உண்டு என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் எழுந்து போகக்கூடியவர்களையும் எனக்குத் தெரியும்.

வீடு விஷயத்திலும் நிலம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கவில்லை. பிராமணருக்கு நிலக்கொடை அளித்த பிரமதேயச் செப்பேடுகள் சுட்ட செங்கல்லால் மாடமாளிகை கட்டிக்கொள்ளும் உரிமையைத் தனியாக எழுதித் தருகின்றன. கரூர் வட்டாரத்துக் கல்வெட்டு ஒன்று, கம்மாளர்கள் நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், காலில் செருப்பு அணியவும், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசவும் அரசர் அனுமதி அளித்ததைக் கூறுகிறது. உலைக்களம் அவர்கள் இவ்வளவு பெருமையாகப் பேசிய வாளையும் கட்டாரியையும் அடித்துக் கொடுத்த கைகள், தங்கள் சொந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு பூச ஆணை வாங்க வேண்டியிருந்தது. ஓர் ஊரில் குடிசைதான் இருக்கிறது என்றால் அங்கே கல் கிடைக்கவில்லை என்றும் இருக்கலாம், கல்லும் செங்கல்லும் சிலருக்கு மறுக்கப்பட்டன என்றும் இருக்கலாம்.

திணைமயக்கம்:
வாசகி அவர்களின் எச்சரிக்கை நியாயமானது. ஆனால் அதற்கான விடை திணைக்குள்ளேயே இருக்கிறது. முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெயிலில் இயல்பு கெட்டுப் பாலை என்னும் வடிவத்தைக் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதாவது பாலை நிரந்தரமான ஒரு நாடு அன்று. நிலத்துக்கு நேர்கிற ஒரு நிலை. இதை விதியாக்கினால், இரண்டு பருவம் மழை பொய்த்த கட்டம் வரைபடத்தில் பாலையாக மாறும். அங்கே மாடு மேய்த்தவர் வழிப்பறிக்கு வந்து நிற்பார். மழை திரும்பினால் அவரும் திரும்பலாம். புள்ளி பிறப்பிலிருந்து வராது, அந்த ஆண்டு அவர் எப்படிப் பிழைத்தார் என்பதிலிருந்து வரும்.

அடையாறு நரி:
ஒவ்வொரு கட்டத்துக்கும் மழைக்கணக்கு எழுதும் நடத்துநருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? எனக்குக் கோட்டை முற்றுகை வேண்டும். எயினர் முற்றத்தில் அதற்கு இடமில்லை.

உலைக்களம்:
முற்றுகைக்கு ஐரோப்பா போக வேண்டாம். சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் இருந்த பொறிகளின் பட்டியல் வருகிறது. கல் உமிழும் கவண், காய்ச்சிய எண்ணெய், உலோகம் உருகும் உலை, குரங்கு வடிவப் பொறி, பன்றி வடிவப் பொறி, மதிலைப் பற்றி ஏறுவோரின் கையைக் குத்தும் ஊசிகள். இவற்றுள் ஒவ்வொன்றையும் ஒரு பகடை வீச்சாக எழுதலாம். கோட்டையை நேரில் பார்க்க விரும்பினால் திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்குப் போங்கள். மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டை அது. இராசகிரியின் உச்சிக்குப் போகும் வழியை ஒரு பாறைப் பிளவு துண்டிக்கிறது, அதைப் பாலத்தின் வழியே கடக்க வேண்டும். 1690இல் முற்றுகையிட்ட முகலாயப் படை 1698இல்தான் உள்ளே நுழைந்தது. நீரும் நிலமும் மலையும் காடும் உடையதே அரண் என்று குறள் சொல்வதை அந்த மலையில் ஏறிக்கொண்டே சரிபார்க்கலாம். அந்த இடத்துக்கு வெளியே இந்த மதிலை எடுத்து வைத்தால் எட்டு மாதம்கூடத் தாங்காது.

அடையாறு நரி:
பாலமும் பாறைப் பிளவும் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பதிவு எழுதியிருக்க மாட்டேன். இருந்தாலும் பனிமலையை நீக்கக் கூடாது.

பெரம்பூர் வாசகி:
மழை திரும்பினால் மாடு மேய்த்தவர் திரும்பிவிடுவார் என்பதை நான் அவ்வளவு எளிதாக நம்பவில்லை. நிலம் மாறினாலும் ஊரார் நினைவு மாறுவதில்லை. ஒருமுறை கள்வர் என்று பெயர் வாங்கிய குடியை அடுத்த தலைமுறையும் அப்படியே அழைக்கும். ஆகவே பிறப்பை உலகத்திலிருந்து அழித்துவிட வேண்டாம், அது மோசடியாகிவிடும். பிறப்புக்குக் கூடுதல் புள்ளி தராதீர்கள். பிறப்பின் பெயரால் ஊர் போடும் தடைகளை மட்டும் எழுதுங்கள். சாந்து பூசத் தடை, செருப்புத் தடை, இந்தக் கிணற்றுக்குத் தடை. அவற்றை ஏற்பதா மீறுவதா என்பதை ஆட்டக்காரர்கள் தீர்மானிக்கட்டும்.

பகடைக்காரர்:
பிறப்புப் புள்ளி நீங்குகிறது. ஆயுதப் பயிற்சி, பாத்திரம் கடைசியாகப் பிழைத்த மூன்று ஆண்டுகளைக் கொண்டு கணக்கிடப்படும். ஊர்த் தடைகளுக்குத் தனித்தாள் ஒன்று தயாரிக்கிறேன். வாசகி அவர்கள் அதைப் பார்த்துத் தர வேண்டும். மழைக்கணக்கு எல்லாக் கட்டத்துக்கும் கிடையாது, குழு நடமாடும் ஆறு கட்டங்களுக்கு மட்டும். வாள் ஒன்றரைக் கிலோ. குதிரைக்குத் துறைமுகம் கட்டாயம். பனிமலை வரைபடத்தின் வடவோரத்தில் இருக்கும், ஆனால் அங்கிருந்து தட்டுக்கவசத்தோடு இறங்கி வருபவர் சமவெளியில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெயிலுக்காக ஒரு பகடை உருட்ட வேண்டும்.

அடையாறு நரி:
இரவில் தாக்கினால் அந்தப் பகடை வேண்டாம்தானே? நான் இரவில்தான் வருவேன்.