சட்டத்தொழிலை ஆராயும் ‘ஃபெலோ’வுக்குத் தமிழில் என்ன சொல்?

தஞ்சாவூரிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். டெல்டா மாவட்ட வழக்கறிஞர்களிடம் கொடுக்க ஒரு கேள்வித்தாளும் ஒப்புதல் படிவமும் தமிழில் தயாராகின்றன. முதல் வரியிலேயே ‘ஃபெலோ’, அதாவது குறித்த காலத்துக்குப் பணம் பெற்று ஆராய்பவர், என்ற சொல் இடறுகிறது.

யார் யாரிடம் ஜூனியராகச் சேர்கிறார்கள், முதல் ஐந்து வருடம் எதை வைத்துச் சாப்பிடுகிறார்கள், பெண்கள் எந்தக் கட்டத்தில் தொழிலை விட்டுப் போகிறார்கள் என்றெல்லாம் ஆராய்வது தனித் துறை. சிகாகோவில் 1952இல் தொடங்கிய அமெரிக்கன் பார் ஃபவுண்டேஷன் இதற்கு ஆய்வு ஃபெலோக்களை எடுக்கிறது. ஹார்வர்டு சட்டப் பள்ளியிலும் இதற்கென ஒரு மையம் உண்டு. 1975இல் சிகாகோ நகரில் 777 வழக்கறிஞர்களை நேர்கண்ட ஆய்வு, பெரிய கம்பெனிகளுக்கு வேலை பார்ப்பவர்கள் ஓர் உலகம், தனி ஆட்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் வேலை பார்ப்பவர்கள் வேறோர் உலகம் என்று காட்டியது.

இந்த ஃபெலோ சட்டத்தை ஆராய்பவர் இல்லை, சட்டத்தை வைத்துப் பிழைப்பவர்களை ஆராய்பவர். முன்வரைவில் ‘சட்ட ஆய்வாளர்’ என்று இருக்கிறது. அப்படிச் சொன்னால் பழைய தீர்ப்புகளைத் தேடிக் குறிப்பெடுத்துக் கொடுப்பவர் என்றுதான் கோர்ட்டில் புரிந்துகொள்வார்கள். மாற்றுச் சொல் வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து:

அய்யா, ‘சட்ட’ என்பதைவிட ‘ஆய்வாளர்’தான் ஆபத்து. நம் ஊரில் ஆய்வாளர் என்றால் இன்ஸ்பெக்டர். காவல் ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர், சுகாதார ஆய்வாளர் என்று பலகையில் எழுதி எழுதிப் பழகிவிட்டது. ‘வழக்கறிஞர் தொழில் ஆய்வாளர்’ என்று தலைப்பிட்ட கடிதம் பார் அசோசியேஷனுக்குப் போனால், வழக்கறிஞர்களைப் பதிவுசெய்யும் பார் கவுன்சிலில் இருந்து சோதனைக்கு வருகிறார்கள் என்றுதான் முதலில் படும். அதற்குப் பிறகு வருமானத்தைப் பற்றிய கேள்விக்கு யார் உண்மை சொல்வார்கள்? சொல் தப்பாக இருந்தால் தரவே தப்பாகிவிடும்.

மயிலாடுதுறையிலிருந்து:

அம்மா சொல்வது சரி. இலக்கணப் பக்கமும் ஒன்று இருக்கிறது. ‘வழக்கறிஞர் ஆய்வாளர்’ என்ற தொகையை உம்மைத்தொகையாக விரித்தால் வழக்கறிஞரும் ஆய்வாளரும் என இரண்டு பேர். பண்புத்தொகை என்றால் வழக்கறிஞராக இருக்கும் ஆய்வாளர். இரண்டாம் வேற்றுமைத்தொகையாகக் கொண்டால்தான் வழக்கறிஞரை ஆராய்பவர். மூன்றில் நமக்கு வேண்டியது கடைசி. படிக்கிறவர் மனசில் முதலில் வருவதோ நடுவில் உள்ளது. ஆளின் பெயரை ஆளின் பெயரோடு ஒட்டினால் இந்தக் குழப்பம் தீராது. முன்னால் தொழிலின் பெயர் நிற்கட்டும்.

‘ஃபெலோஷிப்’புக்கு உதவித்தொகை வேண்டாம். முதியோர் உதவித்தொகை, பள்ளிப் பிள்ளைகளின் உதவித்தொகை என்று அந்தச் சொல் வேறு வேலையில் இருக்கிறது. யுஜிசி தரும் ஆய்வு ஃபெலோஷிப்பில் இளநிலை (ஜேஆர்எஃப்) முதல் 2 ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலை (எஸ்ஆர்எஃப்) ஆனபின் 42,000. இது உதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. கொடை என்ற பொருளில் ‘நல்கை’ பொருத்தமாக இருக்கும். ஆனால் ‘நல்கையாளர்’ என்று எழுதினால் கொடுப்பவரா வாங்குபவரா என்று தெரியாது. ‘நல்கைபெறுநர்’ தெளிவு, ஆனால் ‘பெறுநர்’ என்றதும் கடிதத்தின் மேல்முகவரி நினைவுக்கு வருகிறது. நல்கையை உடையவர் என்ற பொருளில் ‘நல்கையர்’ போதும்.

திருவாரூரிலிருந்து:

தோழர்களே, ஃபெலோவை ஃபெலோவாகவே விட்டால் என்ன? வக்கீல், வாய்தா, ஜாமீன், முன்சீப் எல்லாம் வெளியிலிருந்து வந்தவைதானே. மாயவரத்தில் வேதநாயகம் பிள்ளையை முன்சீப் என்று சொல்லித்தான் ஊர் அறியும். 1805 முதல் 1861 வரை வந்த சதர் கோர்ட்டு (அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றம்) தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862இல் வெளியிட்டவரே அந்தப் பட்டத்தோடுதான் இருந்தார்.

கும்பகோணத்திலிருந்து:

தோழர், வாய்தாவைக் கட்சிக்காரர் மாதாமாதம் வாயால் சொல்லித்தான் அது தமிழானது. ஃபெலோ அப்படிப் புழங்கவில்லை. நம் பேச்சில் அந்தச் சொல் வருவது ஒரே இடத்தில், ஒருவரை ‘யூஸ்லெஸ் ஃபெலோ’ என்று திட்டும்போது. மரியாதையாகப் பேட்டி கேட்கப் போகிறவருக்கு அது வேண்டாம்.

தஞ்சாவூரிலிருந்து:

அப்படியானால் முன்பாதி. ‘சட்டப்பணி’யை முயன்று பார்த்தேன், ஆகாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று இலவச சட்ட உதவி தரும் அமைப்பே இருக்கிறது. ‘வழக்கறிஞர் தொழில்’ என்றால் குமாஸ்தா, நோட்டரி, கம்பெனிக்குள்ளேயே இருக்கும் சட்ட அலுவலர் எல்லாம் வெளியே போய்விடுகிறார்கள். ஜூனியரின் முதல் வருடத்தை ஆராய வந்தவர் குமாஸ்தாவை விட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். பிராதை, அதாவது வழக்கு மனுவை, எந்த கவுண்டரில் கொடுப்பது, கோர்ட் கட்டண முத்திரை எவ்வளவுக்கு ஒட்டுவது என்று ஜூனியருக்குக் கற்றுக்கொடுப்பவரே அவர்தான். ஆகவே ‘சட்டத்தொழில்’.

சட்டத்தொழில் ஆய்வு என்பது துறை. சட்டத்தொழில் ஆய்வர் என்பவர் ஆராய்பவர். சட்டத்தொழில் ஆய்வு நல்கையர் என்பவர் அதற்கென நல்கை பெற்றவர்.

திருவாரூரிலிருந்து:

ஏற்கிறேன். கேள்வித்தாளில் இன்னும் இரண்டு இடம் கவனியுங்கள். ‘எத்தனை ஆண்டுத் தொழில் அனுபவம்’ என்று கேட்டால் ஒருவர் பார் கவுன்சிலில் பதிந்த நாளிலிருந்து எண்ணுவார், இன்னொருவர் தன் பெயரில் முதல் வக்காலத்து போட்ட நாளிலிருந்து எண்ணுவார். சீனியரிடம் இருந்த காலம் நடுவில் காணாமல் போகும். ‘பதிவு ஆண்டு’, ‘முதல் தனி வக்காலத்து ஆண்டு’ என்று இரண்டாகக் கேளுங்கள்.

அடுத்து, ‘டெல்டா வழக்கறிஞர்’ என்று ஒரே கட்டத்தில் அடைக்காதீர்கள். தஞ்சாவூர் வழக்கு மேல்முறையீட்டுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகிறது. அந்தக் கிளை 2004 ஜூலையில் வந்தது. திருவாரூர், நாகப்பட்டினம் வழக்குகள் சென்னைக்குப் போகின்றன. ஒரே ஆற்றுத் தண்ணீர், ஒரே குத்தகைத் தகராறு, ஆனால் மன்னார்குடி வக்கீல் ரயிலேறுவது ஒரு பக்கம், ஒரத்தநாட்டு வக்கீல் பஸ் ஏறுவது இன்னொரு பக்கம். யாருக்கு எந்த ஊரில் சீனியர் தொடர்பு என்பதே இதனால் மாறும். மாவட்டத்தைத் தனிக் கட்டமாக வையுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: “கட்சிக்காரர் உங்களிடம் சொன்ன எதையும் ஆய்வர் கேட்கமாட்டார்.” கட்சிக்காரரின் சம்மதம் இல்லாமல் அதை வெளியிட வழக்கறிஞருக்கு உரிமை இல்லை. பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 126 சொன்னதை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தில் பிரிவு 132 சொல்கிறது. இந்த வரி இருந்தால்தான் மூத்தவர்கள் வாய் திறப்பார்கள்.

மயிலாடுதுறையிலிருந்து:

எழுத்து முறை பற்றி. ‘சட்டத்தொழில்’ சேர்த்தே வரட்டும், ‘த்’ விழக்கூடாது. ‘தொழிலாய்வு’ என்று புணர்த்தி எழுத வேண்டாம். வேகமாகப் படிக்கிறவர் கண்ணுக்கு அது ‘தொழிலாளர்’ போலத் தெரியும், இல்லாவிட்டால் ‘ஓய்வு’ என்று தட்டுப்படும். இடம் விட்டு ‘சட்டத்தொழில் ஆய்வு’. பன்மை ‘நல்கையர்கள்’.

தஞ்சாவூரிலிருந்து:

நம் கலைச்சொல் பட்டியலில் ஏறும் பதிவு இது:

சட்டத்தொழில் ஆய்வு நல்கையர் – வழக்கறிஞர், நீதிபதி, குமாஸ்தா, நோட்டரி, சட்ட அலுவலர் ஆகியோரின் பயிற்சி, வருமானம், பணிப் பாதை, சமூகப் பின்னணி ஆகியவற்றை ஆராய, குறித்த காலத்துக்கு நல்கை பெற்றவர். சட்ட நூல்களையும் தீர்ப்புகளையும் மட்டும் ஆராய்பவருக்கு இச்சொல் பொருந்தாது.

படிவத்தின் முதல் வரி: “நான் சட்டத்தொழில் ஆய்வு நல்கையர். எந்த அலுவலகத்தின் சார்பிலும் சோதனைக்கு வரவில்லை.” இரண்டாவது வாக்கியம் கொஞ்ச காலத்துக்காவது தேவைப்படும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாருக்காவது ‘நல்கையர்’ உறுத்தினால் எழுதுங்கள்.